நாற்பதாம் நாளுக்கு நான் அச்சடித்த மலர்

வட லண்டனில், எட்மண்டனில் என் அச்சுக்கடைக்கும் பக்கத்து ரொட்டிக்கடைக்கும் இடையில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டினால் எட்டு மணிக்கு இந்தப் பக்கம் சுவர் சூடாகிவிடும். குளிர்காலத்தில் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகைக் கொடுத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பேன். கடைக்கு வருகிறவர்கள் "என்ன அக்கா, ஹீட்டர் இல்லையோ?" என்று கேட்டால் சுவரைத் தட்டிக் காட்டுவேன்.

ரொட்டிக்கடைக்காரி குர்தியப் பெண். துருக்கியின் கிழக்கு மலைப்பக்கம் அவளுடைய ஊர். என்னைவிடப் பத்து வயது இளையவள். கடைக் கண்ணாடிக்குப் பின்னால், தாழ்ந்த பலகை ஒன்றின் முன் உட்கார்ந்து, விரல் தடிப்பான நீளக் கட்டையால் மாவை உருட்டிக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் எந்தப் பக்கம் போனார்கள், எந்தக் கார் எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வேலையில்லாமல் வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் காவல் இருக்கிறாள் என்று விளங்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

எங்களுக்குள் பேச்சு கடை ஆங்கிலத்தில். 'அக்கா' என்பதை மட்டும் என் வாடிக்கையாளர்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டாள். பன்னிரண்டு வருடம் பழகிய பிறகு, அவள் பேசியதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். கோபித்தால் கோபிக்கட்டும், ஏற்கெனவே அதைவிடப் பெரிய கோபத்துக்கு ஆளானவள் நான்.

என் தொழிலையும் சொல்லவேண்டும். கல்யாண அழைப்பிதழ், அரங்கேற்ற அழைப்பிதழ், பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீட்டு பேனர் எல்லாம் செய்வேன். ஆனால் என் கடை பெயர் எடுத்தது நினைவு மலருக்கு. எங்கள் ஆட்களில் ஒருவர் போனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கவேண்டும். முதல் பக்கத்தில் போனவரின் படம், பிறகு தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் உறவுப் பட்டியல். அந்தப் பட்டியல்தான் உயிர். மகன் யார், மருமகள் யார், பெறாமகன் யார், அவரவர் என்ன உத்தியோகம், எந்த நாடு, எந்த ஊர் என்று வரிசையாக வரும். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு இருந்தால் அதுவும் அடைப்புக்குறிக்குள் வரவேண்டும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டு, அந்தக் குடும்பம் பிளவுபட்டதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பட்டியல் என்றால் நான் பொல்லாதவள். வாடிக்கையாளர் மறந்த சின்ன மாமியைக்கூடத் தோண்டி எடுத்துவிடுவேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா போனது யுத்தம் முடிந்த அடுத்த வருடம், இங்கே லண்டனில். அப்போது என் தம்பி கொழும்பில் ஒரு அறையில், வேறு பெயரில் ஒளிந்திருந்தான். அப்பாவின் மலரை நான்தான் அச்சடித்தேன். தம்பியின் பெயரைப் போடவில்லை. நான்கு பிள்ளைகள் பெற்ற மனிதருக்கு மூன்று பிள்ளைகள் என்று வந்தது. அம்மா புத்தகத்தை வாங்கி, பட்டியலில் விரலை வைத்து எண்ணினார். "மற்றவன் எங்க?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அதன்பிறகு பதினொரு மாதம் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தம்பி பிறகு தப்பி, கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தான். "அப்பாவின்ர புத்தகத்தில நான் இன்னும் பிறக்கேல்லை அக்கா" என்று போனில் பகிடி விடுவான். எனக்குச் சிரிப்பு வராது. இனி யாருடைய பட்டியலிலும் ஒரு பெயர்கூட விடமாட்டேன் என்று அன்றைக்கே எனக்குள் சத்தியம் செய்துகொண்டேன். தம்பி உயிரோடு வெளியே வந்ததற்கு அந்த விடுபட்ட பெயரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.

ஒரு தை மாதம், பக்கத்துக் கடைக்காரியின் தாய் ஊரில் இறந்துபோனார். இவளால் போக முடியாது. அகதியாக வந்தவள், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். போனில் சவ அடக்கத்தைப் பார்த்தாள். மூன்று நாள் அவர்களுடைய மண்டபம் ஒன்றில் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். நானும் போனேன். கறுப்புத் தேநீரும் ரொட்டியும் கொடுத்தார்கள். வாசலில் நின்ற ஒருவர், போனை வெளியே எடுக்கவேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார்.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. உள்ளே ஒருவர் இருந்தார். மண்டபத்துக்கு வந்தவர்களில் பலர், காரைக் கடக்கும்போது குளிர்ச்சட்டையின் தலைமூடியை இழுத்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அந்த நடை எனக்குப் பழக்கமான நடை. எங்கள் யுத்தத்தின் கடைசி மாதங்களில், இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் நாங்கள் நின்று கத்திய நாட்களில் எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ எங்களைப் படம் எடுப்பார்கள். யார் என்று தெரியாது. ஊரில் சொந்தங்கள் இருந்த நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நடந்தோம். அன்றைக்கு அந்தக் காரைப் பார்த்ததும் எனக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. ஞாபகம் வந்தும் புத்தி வரவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

ஒரு கிழமை கழித்து அவள் கடையைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. மா உருட்டும் கட்டை கையில் இருந்தது, உருட்டவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்கட ஆக்களுக்கும் நாள் கணக்கு இருக்கோ?" என்று கேட்டேன்.

"நாற்பதாம் நாள் சாப்பாடு குடுப்பம்."

"அண்டைக்கு உன்ர அம்மாவுக்கு நான் ஒரு மலர் அடிச்சுத் தாறன்."

அவளுக்கு விளங்கவில்லை. என் கடையிலிருந்து ஒரு மலரை எடுத்துவந்து காட்டினேன். எழுத்து தெரியாவிட்டாலும் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"இது என்ன, இவ்வளவு நீளமா?"

"சொந்தக்காரர். பிள்ளையள், பேரப்பிள்ளையள், எல்லாரும். ஒருத்தரும் விடுபடக்கூடாது."

அவள் அழத் தொடங்கினாள். தன் தாயின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து முப்பது வருடமாகிவிட்டது என்றாள். ஊரை இராணுவம் எரித்த நாளோடு ஆளுக்கொரு திசையாகப் போனவர்களாம். "கடுதாசியிலயாவது எல்லாரும் இருக்கட்டும்" என்றாள். நான் பெருமையில் ஒரு சாண் உயர்ந்தேன்.

பெயர் கேட்டு எழுதிய அந்த மத்தியானத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப நடத்திப் பார்த்துவிட்டேன். அவள் பலகையின் முன் இருந்தாள். நான் மாவு மூட்டை ஒன்றின் மேல் கொப்பியோடு இருந்தேன். அவர்களுக்கு இரண்டு பெயர் இருக்கிறது. அவர்கள் பிறந்த காலத்தில், பதிவு அலுவலகத்தில் குர்தியப் பெயரைச் சொன்னால் எழுத மாட்டார்களாம். ஏதாவது ஒரு துருக்கிப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் தாய் தன் இஷ்டப்படி கூப்பிடுவாராம். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கடுதாசிப் பெயரைக் கூப்பிட்டபோது, அது தன்னைத்தான் என்று தெரியாமல் இவள் பேசாமல் இருந்தாளாம். அதற்கு அடி விழுந்ததாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏழு பிள்ளைகள். இரண்டு பேர் இல்லை. ஒவ்வொருவராகக் கேட்டேன். கடுதாசிப் பெயர் என்ன, வீட்டுப் பெயர் என்ன, இப்ப எங்கே, என்ன வேலை. அவள் அழுதுகொண்டே சொன்னாள். தாயைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்த ஆறுதலில் இருந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது.

கடைசித் தம்பியிடம் வந்தோம். 'சின்னவன்' என்பாள். அவனைப் பற்றி எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். மேற்கே, கடற்கரைப் பட்டணம் ஒன்றில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தாய் சொன்ன பழைய கதைகளைப் போனில் பதிந்து, வீட்டுப் பெயரில் இணையத்தில் போடுகிறவனும் அவன்தான். அவள் ரொட்டி சுடும்போது அந்தக் குரல் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். மொழி விளங்காது, ஆனால் ஒரு தாய் கதை சொல்கிறார் என்று விளங்கும்.

எனக்குத் தெரியாதது வேறு. அந்தக் கதைகளில் ஒன்றில், ஊர் எரிந்த நாளைத் தாய் சொல்லியிருந்தார். யார் வந்தார்கள், யாரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதற்காக அந்த வீட்டுப் பெயர் மேல் அங்கே வழக்குப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் யார் என்று இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற, கடுதாசிப் பெயர்க்காரன்தான் அவன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவன் உயிர் அந்த இரண்டு பெயருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன்? யாழ்ப்பாணத்தார் எல்லோரும் செய்வதைச் செய்தேன். எல்லோரும் வாசிக்கட்டும் என்று ஆங்கிலத்தில், முதலில் கடுதாசிப் பெயர். அடைப்புக்குறிக்குள் வீட்டுப் பெயர். பிறகு 'கணக்கு ஆசிரியர்'. பிறகு பட்டணத்தின் பெயர். ஒரே வரி. உத்தியோகத்தைப் போடாமல் விட எங்கள் ஆட்களால் முடியுமா? படித்த பிள்ளை, வாத்தியார், தாய்க்கு அது பெருமையில்லையா என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அவள் அவனைப் பற்றிப் போனில் பேசும்போது ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. பன்னிரண்டு வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். என் தம்பியை அறையில் ஒளித்து வைத்திருந்த காலத்தில் அம்மாவும் நானும் அவனை 'மற்றவன்' என்றுதான் சொல்வோம். அதே காதுதான் இது. ஆனாலும் எனக்கு அது மணி அடிக்கவில்லை. அந்த மத்தியானம் எனக்கு வேண்டியிருந்தது ஒரு முழுப் பட்டியல், அவ்வளவுதான். என் அம்மாவுக்கு நான் கொடுக்காமல் விட்டதை இன்னொரு தாய்க்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற வெறி.

புரூஃப் எடுத்து அவளிடம் காட்டினேன். முதல் பக்கத்தில் தாயின் படத்தைப் பார்த்ததும் அதை முத்தமிட்டாள். படத்தில் மாவு ஒட்டியது. "எல்லாம் சரியோ?" என்று கேட்டேன். "வடிவாயிருக்கு அக்கா" என்றாள். கடைசிப் பக்கத்தை அவள் திருப்பிப் பார்க்கவில்லை. நான் திருப்பிக் காட்டவும் இல்லை. இருநூறு பிரதி அடித்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், வழக்கம்போலத் தமிழில், 'வடிவமைப்பும் அச்சும்' என்று என் கடையின் பெயரையும் போன் நம்பரையும் போட்டேன்.

நாற்பதாம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் ஒரு மேசை போட்டு, நானே நின்று ஆளுக்கொரு மலர் கொடுத்தேன். கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்கிறவள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றேன் என்று நினைக்க இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஒரு மனிதர் வந்து இரண்டு பிரதி கேட்டார். "வீட்டுக்கு ஒன்று" என்றார். கொடுத்தேன். அவர் உள்ளே போய் ஒரு மூலையில் இருந்தார். தேநீர் கொண்டுபோனபோது வேண்டாம் என்று கை காட்டினார்.

அரை மணித்தியாலம் இருக்கும். அவளுடைய கணவன் மண்டபத்தின் நடுவில் நின்று மலரைப் படித்துக்கொண்டிருந்தார். லொறி ஓடுகிறவர், பெருத்த உடம்பு, வாய் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. தலையைத் தூக்கி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த கிழவியின் கையிலிருந்து மலரைப் பிடுங்கினார். அடுத்தவரிடமும் பிடுங்கினார். ஒரு சொல்லும் சொல்லாமல், வரிசை வரிசையாக, துக்கத்துக்கு வந்த ஆட்களின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டே வந்தார். அவள் எழுந்து ஓடிவந்தாள். அவர் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். அவள் படித்தாள். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை.

வழக்கு விவரம் எல்லாம் எனக்குத் தெரியவந்தது அன்றைக்குத்தான். மண்டபத்தின் சமையலறையில், கழுவாத தேநீர்க் குவளைகளுக்கு நடுவில் நின்று கணவன் சொன்னார். சாம்பல் ஜாக்கெட்காரரைத் தேடினோம். அவர் இருந்த கதிரை காலியாக இருந்தது. அவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுடைய ஆட்கள் அவரைக் கணவனின் ஆள் என்று நினைத்தார்களாம். கணவனின் ஆட்கள் அவளுடைய ஆள் என்று நினைத்தார்களாம்.

அடுத்த பத்து நாளும் நாங்கள் மலர்களைத் திரும்பச் சேர்த்தோம். டொட்டன்ஹாம், வூட் கிரீன், என்ஃபீல்ட் என்று பஸ் ஏறி வீடு வீடாகப் போனோம். கதவைத் திறந்தவர்கள் முதலில் தேநீர் குடிக்கச் சொன்னார்கள். பிறகு மலரை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு கிழவி தாயின் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, மற்றப் பக்கங்களை அலுமாரிக்குள் துணிக்கு அடியில் வைத்திருந்தார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து போவோம், அவள் ஒரு சொல் பேசமாட்டாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும் எனக்கு.

நூற்றுத் தொண்ணூற்றாறு திரும்பி வந்தன. நாலு வரவில்லை.

அவளுடைய தம்பிக்கு எப்படிச் சொல்வது? போனில் சொல்ல முடியாது. அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஆபத்து என்றால், ஊர்த் தோட்டத்து வாதுமை மரத்தைப் பற்றி விசாரிக்கவேண்டும். அந்தத் தோட்டம் எரிந்து முப்பது வருடம். அவள் போன் எடுத்து, வாதுமை பூத்துவிட்டதா என்று கேட்டாளாம். அவன் விளங்கிக்கொண்டானாம். பிறகு, "இந்த வருசம் எங்கயும் போகேலாது அக்கா, அவளுக்கு ஏழாம் மாசம்" என்றானாம். மனைவியைச் சொன்னான். போனை வைத்துவிட்டு வந்து இதை எனக்குச் சொன்னாள். மண்டபத்துச் சமையலறைக்குப் பிறகு அவள் என்னிடம் வாய் திறந்து சொன்ன முதல் விஷயம் அதுதான்.

மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நான் காலையில் கடைக்கு வந்ததும், விளக்கைப் போடுவதற்கு முன் சுவரில் கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் இன்றைக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். கடைக்கு வெளியே ஏதாவது கார் அதிக நேரம் நின்றால் இப்போது நானும் நம்பரைக் குறித்து வைத்தேன். பங்குனியில் அவர்களுடைய புதுவருடம் வந்தது. தீ மூட்டி, கைகோர்த்து ஆடினார்கள். என்னையும் கூப்பிட்டாள், போனேன். எல்லோரும் ஆடும்போது அவள் மட்டும் ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பல் ஜாக்கெட்டைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை. கடையைத் திறந்து சுவரில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. ஒன்பது மணிக்கும் குளிர்ந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன், பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. மத்தியானம் அவளுடைய கணவன் வந்தார். சின்னவனைப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளுக்கு முன்னால், பாடத்தின் நடுவில் வந்து கொண்டுபோய்விட்டார்களாம்.

ஒரு கிழமை கழித்து, அங்கிருந்த வக்கீல் வழக்குக் கோப்பின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். கணவன் தன் போனை என் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். துருக்கி மொழியில் தட்டச்சு செய்த பக்கங்களுக்கு நடுவில் என் மலரின் கடைசிப் பக்கம் இருந்தது. பொக்கற்றில் வைப்பதற்காக நாலாக மடித்த தடம் அதில் தெரிந்தது. அந்த ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. பக்கத்தின் அடியில் அரசாங்க முத்திரை. அந்த முத்திரையின் ஓரத்தில், பாதி மறைந்தும் மறையாமலும், 'வடிவமைப்பும் அச்சும்' என்ற தமிழ் எழுத்தும் என் போன் நம்பரும்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓடுகிறவர், பயந்த மனிதர். அன்றைக்குப் பின்னேரம் இதைச் சொன்னதும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? ஆவணியில ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிறம். எயார்போர்ட்டில எங்களைப் பிடிச்சு வைச்சுக் கேட்டா என்ன சொல்லுவீர்?"

"அது துருக்கி, இது சிலோன். அவங்களுக்கு என்ன?"

"எல்லாம் ஒண்டுதான். ஒருத்தன்ர ஃபைலை மற்றவன் வாசிக்க எவ்வளவு நேரம்? இனி உந்த ஆக்களின்ர ஒண்டிலயும் கடைப் பேர் வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."

நான் சண்டை பிடித்தேன். நீங்கள் ஒரு கோழை என்று சொன்னேன். ஆனால் அடுத்த நாள் காலை கடைக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை, என் எல்லா மாதிரிகளின் அடியிலிருந்தும் கடைப் பெயரை எடுத்துவிட்டதுதான். குர்திய ஆட்களின் மாதிரியிலிருந்து மட்டுமில்லை, பிறந்தநாள் கார்ட்டிலிருந்துகூட. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. அவரைக் கோழை என்று சொன்ன வாய் அல்லவா.

அதே கிழமை இங்கே லண்டனில் அவர்களுடைய வேறொரு மண்டபத்துக்குப் போலீஸ் வந்து, பெட்டி பெட்டியாகக் கடுதாசிகளை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். என்ன விஷயம் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கடுதாசிகளில் என் மலர் ஏதாவது இருக்குமோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் கடை திரும்பத் திறந்தது. சுவர் சூடானது. ஆனால் தினமும் பதினொரு மணிக்கு ஒரு ரொட்டியைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு வருவாளே, அது வரவில்லை. தெருவில் கண்டால் தலையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். சின்னவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்பதையும் கணவன் சொல்லித்தான் அறிந்தேன். குழந்தையை அவன் இன்னும் பார்க்கவில்லை. நான் கதிரையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டேன். அந்தச் சூட்டில் முதுகைக் கொடுத்து இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வைகாசியில் ஒரு நாள் பின்னேரம் அவள் வந்தாள். கையில் ரொட்டி இல்லை. போனை நீட்டினாள். அதில் சின்னவனின் படம். கரும்பலகைக்கு முன்னால், கையில் சோக்கட்டியோடு, யன்னல் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்க்கிறேன். அவளுடைய மூக்கு.

"சனிக்கிழமை ஊர்வலம். அவனை வெளிய விடச்சொல்லிக் கேக்கப்போறம். இந்தப் படம் போட்ட பதாகை, பெரிசா, ஐம்பது வேணும்."

"அடிச்சுத் தாறன்" என்றேன். கதிரையில் இருந்து படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெயர் எழுதும் இடத்தில் கோடு மின்னி மின்னி நின்றது.

"எந்தப் பேர் போட?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை மாசியிலேயே கேட்டிருக்கவேண்டும்.

"ரெண்டும் போடுங்கோ. இனி ஒளிக்க என்ன கிடக்கு?"

கடுதாசிப் பெயரை எழுதி, பழக்க தோஷத்தில் அடைப்புக்குறியைத் திறந்தேன். அவள் என் தோளுக்கு மேலால் கையை நீட்டித் திரையைத் தொட்டாள்.

"அதுக்குள்ள வேண்டாம். அம்மா வைச்ச பேர் மேல வரட்டும். பெரிசா."

அப்படியே செய்தேன். வீட்டுப் பெயர் மேலே, பெரிதாக. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போகவில்லை.

"ஏன் அக்கா, கீழ உங்கட கடைப் பேரைக் காணேல்ல?"

நான் எழுத்தைச் சரிசெய்வதுபோல மவுஸை அசைத்தேன்.

"எப்பவும் போடுவியள். அம்மான்ர புத்தகத்தில போட்டியள்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். இல்லை. உண்மையாகவே கேட்டாள். ஆவணி டிக்கெட் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. விமான நிலையத்து மேசை ஒன்றுக்குப் பின்னால் என் கடவுச்சீட்டைப் புரட்டுகிற ஒரு ஆள் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். அவள் தம்பியின் இரண்டு பெயரையும் ஊரையும் உத்தியோகத்தையும் ஒரே வரியில் தட்ட அன்றைக்கு எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. என் கடைப் பெயர் இரண்டே சொல். விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. கடைசியில் தட்டினேன்தான். போன் நம்பரையும் சேர்த்தேன்.

ஆனால் விரல் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.